லா பெல்லா ஃப்ளாட்வவுண்ட் ஸ்ட்ரிங்ஸ்: ஜேமர்சன் பைத்தியம் எழுதுற ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன். ஸ்லாப், அதாவது கட்டைவிரலால ஸ்ட்ரிங்கை அடிச்சு வாசிக்கறது, அதுக்காகவே பேஸ் கிட்டார் வாங்கினவங்க, அந்த ஸ்டைல்ல பேர் வாங்கின மார்கஸ் மில்லர் மாதிரி பளிச்னு சத்தம் வரணும்னு நினைக்கறவங்க இந்த செட் பக்கமே வராதீங்க, காசும் போகும் மூடும் போகும். மத்தவங்க மேல படிங்க. பொருள் என்னன்னா லா பெல்லாவோட டீப் டாக்கிங் பேஸ் ஃப்ளாட்ஸ், மாடல் நம்பர் 760எஃப்எஸ், நாலு ஸ்ட்ரிங், மெல்லிசு 45 தடி 105, அதாவது ஒரு அங்குலத்தை ஆயிரமா பிரிச்சா அதுல இத்தனை பங்கு கனம். நியூயார்க் மாநிலத்துல நியூபர்க்னு ஒரு ஊர்ல செய்யறாங்க. 1640லேர்ந்து இத்தாலியில குடல் நரம்புல ஸ்ட்ரிங் திரிச்சிட்டிருந்த குடும்பம்னு கம்பெனி பெருமையா சொல்லிக்குது. அந்தக் கதையெல்லாம் எனக்கு ரெண்டாம்பட்சம். நான் வாங்கினதுக்கு ஒரே காரணம் 60கள்ல மோட்டவுன் பாட்டுக்கெல்லாம் பேஸ் வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன்.

ஃப்ளாட்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு சுருக்கமா. நம்ம ஊர் கடையில பேஸ் ஸ்ட்ரிங் குடுங்கன்னு கேட்டா குடுக்கறது பெரும்பாலும் ரவுண்ட்வவுண்ட். நடுவுல ஒரு கம்பி, அதுமேல உருண்டையான கம்பியை நெருக்கமா சுத்தியிருப்பாங்க, விரலை வச்சு தேய்ச்சா சொரசொரன்னு இருக்கும், பொசிஷன் மாத்தும்போது கிரீச்னு ஒரு சத்தம் வரும். ஃப்ளாட்ல அதே நடுக்கம்பி மேல தட்டையான ரிப்பன் மாதிரி பட்டையைச் சுத்தியிருப்பாங்க. கை வழுக்கிட்டு போகும், கிரீச் கிடையாது, மேல் சத்தம் கம்மி, முக்கியமா நோட் ரொம்ப நேரம் நிக்காது. தும்னு வரும், போயிடும். அந்த போயிடும்ங்கறதுதான் இந்த ரிவ்யூவே.

மாட்டும்போது ஒரு விஷயம் கவனிங்க, இதை யாரும் சொல்றதில்ல. நீளம் அதிகமா இருக்கேன்னு எடுத்தவுடனே கட்டர் போட்டு நறுக்கிடாதீங்க. எங்க வெட்டணுமோ அதுக்கு முன்னாடி ஸ்ட்ரிங்கை நல்லா செங்குத்தா மடக்கிட்டு அப்புறம் அந்தப் பக்கம் வெட்டுங்க, இல்லன்னா மேல சுத்தின பட்டை உள்ள இருக்கற கம்பியை விட்டு நழுவி ஸ்ட்ரிங் செத்த மாதிரி ஆயிடும், இந்த விலைக்கு அது நெஞ்சு வலி வர்ற சமாச்சாரம். மாட்டினப்புறம் நெக்கைப் பாருங்க. ஃப்ளாட் பொதுவா ரவுண்டைவிட இழுவிசை ஜாஸ்தி, நெக் முன்பக்கம் வளைஞ்சு ஸ்ட்ரிங் ஃப்ரெட்டை, அதாவது நெக்ல குறுக்க பதிச்சிருக்கற உலோகக் கம்பியை விட்டு மேல ஏறி நிக்கும். நெக்குக்கு உள்ள இருக்கற ட்ரஸ் ராட்ங்கற கம்பியை கால் சுத்து திருப்பிட்டு ஒரு ராத்திரி அப்படியே விட்டுட்டு மறுநாள் பார்த்தா போதும், ஒரேயடியா முறுக்கக் கூடாது. பழக்கம் இல்லன்னா ரிப்பேர் பண்றவர்கிட்ட குடுத்துடுங்க. இன்டொனேஷனும், அதாவது நெக் முழுக்க சுருதி சரியா நிக்கறதும், மறுபடி செட் பண்ணணும்.

இப்ப சத்தம். மாட்டின புதுசுல கேட்டா என்னடா இதுக்கா இவ்வளவு காசுன்னு தோணும், ஏன்னா புது ஃப்ளாட்ல ஒரு பிளாஸ்டிக் மாதிரி பளபளப்பு இருக்கும், ரவுண்டும் இல்லாம ஃப்ளாட்டும் இல்லாம. வாசிக்க வாசிக்க, கை எண்ணெயும் வேர்வையும் ஏற ஏறத்தான் அது அடங்கும். எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்க வாசிச்சப்புறம்தான் இது நம்ம ரெக்கார்டுல கேட்ட சத்தம்னு ஒத்துக்க முடிஞ்சது. ஸ்ட்ரிங்கைத் துடைக்காதீங்க. ஜேமர்சனே அழுக்குலதான் ஃபங்க் இருக்குங்கற மாதிரி சொல்லுவாராம், அறுந்தா மட்டும்தான் மாத்துவாராம்.

அவரைப் பத்தி கொஞ்சம் நிதானமா பேசணும். 1936ல தெற்கு கரோலினா மாநிலத்துல எடிஸ்டோ தீவுல பிறந்து, 1954ல டெட்ராய்ட் வந்து, ஸ்கூல்லயே பெரிய டபுள் பேஸ் பழகி, அப்புறம் அந்த ஊர் சோல் பாட்டு ரெக்கார்டு கம்பெனியான மோட்டவுன் ஸ்டூடியோவுல உட்கார்ந்தவர். அந்த ஸ்டூடியோ ஒரு வீட்டோட கீழ்த்தளம்தான், ஸ்னேக்பிட்னு பேரு, வயர் எல்லாம் பாம்பு மாதிரி தொங்கிட்டு இருக்குமாம். அங்க வாசிச்ச கோஷ்டிக்கு ஃபங்க் பிரதர்ஸ்னு பேரு. 60கள்ல அமெரிக்க ரேடியோவுல ஓடின மோட்டவுன் ஹிட்டுல பாதிக்கு மேல இவர் கை இருக்கும், ஆனா ஒரு ரெக்கார்டு கவர்லயும் பேர் போட மாட்டாங்க. 1971ல மார்வின் கேயோட வாட்ஸ் கோயிங் ஆன் ஆல்பத்துலதான் ஒழுங்கா பேர் வந்துச்சு. அந்த ஆல்பத்தோட டைட்டில் பாட்டுக்கு அவரை ஏதோ கிளப்புலேர்ந்து தேடிக் கூட்டிட்டு வந்தாங்க, குடிச்சிருந்ததால ஸ்டூல்ல உட்கார முடியல, தரையில மல்லாக்கப் படுத்துக்கிட்டே வாசிச்சார்னு ஒரு கதை உண்டு. படுத்துக்கிட்டு வாசிச்ச லைனை உட்கார்ந்து வாசிக்கவே நமக்கு வேர்க்குது.

அவர் பேஸ் 1962 ஃபெண்டர் பிரிசிஷன், அதுக்கு ஃபங்க் மெஷின்னு பேரு வச்சிருந்தார். அதுல போட்டிருந்தது இதே லா பெல்லா ஃப்ளாட்தான், ஆனா நான் வாங்கின சைஸ் இல்ல, 52லேர்ந்து 110, சும்மா லிஃப்ட் கயிறு மாதிரி. அந்த சைஸையும் கம்பெனி தனியா விக்குது. ஸ்ட்ரிங் ஃப்ரெட்லேர்ந்து ரொம்ப உயரத்துல இருக்கும், வேற யாரும் எடுத்து வாசிக்க முடியாதாம். பிரிட்ஜ், அதாவது ஸ்ட்ரிங்கோட அடிமுனை உட்கார்ற இடம், அது மேல இருக்கற உலோக மூடிக்கு அடியில சத்தத்தை அடக்க ஸ்பான்ஜ். இத்தனையும் வச்சுக்கிட்டு வலது கையில ஆள்காட்டி விரல் ஒண்ணே ஒண்ணுதான். அந்த விரலுக்கு ஹுக்னு பட்டப்பேர். டபுள் பேஸ் பழகின கை அது, மத்த விரலை பிக்கப் மூடி மேல சாய்ச்சு வச்சுக்கிட்டு ஒத்த விரல்ல கொக்கி போட்டு இழுக்கறது.

ஒத்த விரல்ல பதினாறாம் நோட் எல்லாம் எப்படிடா வாசிச்சார்னு நானும் யூடியூப்ல மணிக்கணக்கா உட்கார்ந்து பாத்திருக்கேன். கொஞ்சம் பிடிபட்டது என்னன்னா, விரல் ஒரு ஸ்ட்ரிங்கை இழுத்த வேகத்துல பக்கத்துல இருக்கற அடுத்த தடி ஸ்ட்ரிங்லயும் அப்படியே விழும், அதாவது ஸ்வரம் இறங்கும்போது இலவசமா ஒரு நோட் கிடைக்குது. அதுக்கு மேல ஓப்பன் ஸ்ட்ரிங்கை, அதாவது இடது கையால அமுக்காத ஸ்ட்ரிங்கை, தாராளமா யூஸ் பண்ணுவார், பாட்டோட ஸ்கேலுக்கு அது பொருந்துதா இல்லையான்னு கவலையே படாம போற வழியில தொட்டுட்டுப் போவார். ரவுண்ட்ல அதே ஓப்பன் ஸ்ட்ரிங்கை தொட்டா அது ரிங்கிங்னு நின்னு அடுத்த நோட்டையும் கெடுத்து வச்சிடும். ஃப்ளாட்ல, அதுவும் ஸ்பான்ஜ் போட்டிருந்தா, தொட்டவுடனே அது செத்துப்போயிடும், காதுக்கு ஒரு தட்டு மாதிரிதான் கேக்கும், தப்பான நோட்டாவே தெரியாது. இது எனக்கு இந்த செட் போட்டப்புறம்தான் உறைச்சது. அவர் லைன் எல்லாம் அந்த ஸ்ட்ரிங்ல, அந்த ஸ்பான்ஜோட பிறந்த லைன். ரவுண்ட்ல வாசிச்சா நோட் எல்லாம் சரியா இருக்கும், ஆனா நெரிசலா இருக்கும்.

கேட்டுப் பாக்கணும்னா டெம்ப்டேஷன்ஸோட மை கேர்ள்லேர்ந்து ஆரம்பிங்க. முதல்ல பேஸ் மட்டும் தனியா மூணு அடி, அதுக்கே என்ன பாட்டுன்னு தெரிஞ்சிடும். அப்புறம் 1967ல வந்த ஃபோர் டாப்ஸோட பெர்னடெட். அங்கேர்ந்து ஸ்டீவி வொண்டரோட ஃபார் ஒன்ஸ் இன் மை லைஃப், 1968. அதுல மனுஷன் ஒரு வரி வாசிச்சதை அடுத்த வரியில திரும்ப வாசிக்கவே இல்ல, பாட்டு முழுக்க புதுசு புதுசா போயிட்டே இருக்கு, ஆனா பாடறவரை ஒரு இடத்துலயும் மிதிக்கல. எப்படின்னா, பாடறவர் மூச்சு எடுக்கற இடத்துல பேஸ் ஓடும், வார்த்தை வர்ற இடத்துல அடங்கிடும். ஒரு தடவை பேஸை மட்டும் கேளுங்க, ரெண்டாவது தடவை பாட்டை மட்டும் கேளுங்க, புரியும். மோட்டவுன் 1972ல லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிளம்பிப் போனதும் அவர் நிலைமை இறங்கிடுச்சு. 1983ல 47 வயசுல போயிட்டார், சாகறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி அந்த ஃபங்க் மெஷினையும் எவனோ திருடிட்டான், இன்னைக்கு வரைக்கும் கிடைக்கல. 2000ல ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல சேத்தாங்க. என்ன பிரயோஜனம்.

ஸ்பான்ஜ் பத்தி கேக்கறவங்களுக்கு: பாத்திரம் தேய்க்கற ஸ்பான்ஜ் போதும், பச்சை சொரசொரப்பு பக்கத்தைப் பிய்ச்சுட்டு மஞ்சள் பஞ்சை மட்டும் சின்ன பட்டையா வெட்டி பிரிட்ஜுக்கு முன்னாடி ஸ்ட்ரிங்குக்கு அடியில சொருகுங்க. ரொம்ப அழுத்தி வச்சா நோட்டே வராது, லேசா தொட்டா போதும். இதுக்குன்னு தனியா மியூட் எல்லாம் விக்கறாங்க, தேவையில்ல.

அடுத்து கேரல் கே அம்மா. இவங்க லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம். ஜாஸ் கிட்டார் வாசிச்சிட்டிருந்தவங்க, 1963ல ஒரு ரெக்கார்டிங்குக்கு பேஸ் வாசிக்கறவர் வரலைன்னு இவங்க கையில பேஸைக் குடுத்தாங்க, அதோட சரி, அந்த ஊர்ல அதிகமா ரெக்கார்டிங் வாசிச்ச பேஸிஸ்ட்ல ஒருத்தங்களா ஆயிட்டாங்க. அவங்க சொல்ற கணக்கு 10,000 ரெக்கார்டிங். இவங்களும் ஃப்ளாட்தான், ஆனா விரல் இல்ல, பிக்னு சொல்ற சின்ன தகடு. ஃபெல்ட் துணியை மடிச்சு ஸ்ட்ரிங் மேலயே வச்சுடுவாங்க, அதனால பிக் அடிச்ச சத்தம் டக்னு முன்னாடி வரும், வாலே இருக்காது. மிஷன் இம்பாசிபிள் டிவி சீரியலோட அந்த 5/4 தீம், ஒரு சுத்துக்கு அஞ்சு அடி, இருக்கே, அந்த பேஸ் இவங்கதான். சோனி அண்ட் ஷெர் பாடின த பீட் கோஸ் ஆன் இன்னும் பெரிய விஷயம், பாட்டு மொத்தமும் ஒரே கார்டுல நிக்குது, இவங்க அந்த லைனை யோசிச்சு வாசிக்கலைன்னா அந்தப் பாட்டுல பிடிச்சுக்க ஒண்ணுமே இல்ல. இந்த 760எஃப்எஸ் செட்ல பிக் வச்சு உள்ளங்கையால லேசா அமுக்கி அடிச்சுப் பாத்தேன், ஆம்ப்ல ஈக்யூவே தொடாம அந்த சத்தம் வருது. விரல்ல வாசிக்கறதைவிட பிக்ல இந்த செட் இன்னும் நல்லா இருக்குன்னுகூட சொல்லுவேன்.

பால் மெக்கார்ட்னியும் அந்தக் காலத்துல ஃப்ளாட் ஆள்தான், வயலின் மாதிரி இருக்கற ஹாஃப்னர் பேஸ்ல. 1961ல ஹாம்பர்க்ல வாங்கின அந்த முதல் ஹாஃப்னர் 1972ல திருடு போயி 50 வருஷம் கழிச்சு கிடைச்சிருக்கு, 2024ல அறிவிச்சாங்க. அவர் தனக்கு ஆதர்சம் ஜேமர்சன்னு வாயாற சொல்லியிருக்கார், அது போதும் நமக்கு.

ஜமைக்கா பக்கம் ஆஸ்டன் பேரட், ஃபேமிலி மேன்னு கூப்பிடுவாங்க, பாப் மார்லி கோஷ்டி, 2024 பிப்ரவரியில காலமானார். இவர் தம்பி கார்ல்டன் ட்ரம்ஸ். தம்பி முதல் அடியை விட்டுட்டு மூணாவதுல போடுவார், ஒன் டிராப்னு சொல்லுவாங்க. அண்ணன் அதுக்கு நடுவுல ஒரு குட்டிப் பாட்டை பேஸ்ல பாடிட்டு பொத்துனு நிறுத்திடுவார். அந்த நிறுத்தத்துலதான் மொத்த ஆட்டமும் இருக்கு, அடுத்த நோட் எப்ப வரும்னு உடம்பு காத்திட்டிருக்கும். ரெக்கேல இன்னொரு பெரிய பேஸிஸ்டான ராபி ஷேக்ஸ்பியரே இவர்கிட்ட பழகினவர்தான். ஸ்டிர் இட் அப் லைனை கத்துக்கங்க, சுலபம்தான், நோட் எல்லாம் பத்து நிமிஷத்துல வந்துடும். நிறுத்தறதுக்குத்தான் நாள் ஆகும். ஃப்ளாட் இங்க நிஜமாவே உதவி பண்ணுது, பாதி வேலையை ஸ்ட்ரிங்கே செஞ்சிடுது.

ஃப்ளாட்னா தாத்தா காலத்து சமாச்சாரம்னு நினைக்கறவங்களுக்கு ரெண்டே பேர். ஒண்ணு அயர்ன் மெய்டன்ங்கற ஹெவி மெட்டல் கோஷ்டி ஸ்டீவ் ஹாரிஸ். அந்த குதிரை ஓடற மாதிரி ட்ரிப்லெட், அவ்வளவு கணகணன்னு கேக்கற பேஸ், அது ஃப்ளாட்னு சொன்னா நிறைய பேர் நம்ப மாட்டாங்க, ரோட்டோசவுண்ட்ங்கற ஸ்ட்ரிங் கம்பெனி அவர் பேர்லயே ஃப்ளாட் செட் விக்குது. புது ஸ்ட்ரிங், பலமான அடி, ஸ்ட்ரிங் ஃப்ரெட்ல மோதற சத்தம், அவ்வளவுதான் ரகசியம். இன்னொருத்தர் பினோ பல்லடினோ. 80கள்ல ஃப்ரெட்லெஸ், அதாவது ஃப்ரெட்டே இல்லாத பேஸ்ல வழுக்கி வழுக்கி வாசிச்சு பேர் வாங்கினவர், திடீர்னு 2000ல சோல் பாடகர் டி ஏஞ்சலோவோட வூடு ஆல்பத்துல பிரிசிஷன் பேஸ்ல ஃப்ளாட் போட்டுட்டு வந்து நிக்கறார், ட்ரம்ஸுக்கு ஒரு தலைமுடி பின்னாடியே ஆல்பம் முழுக்க இழுத்துப் பிடிச்சு வாசிக்கறார். மெட்ரோனோம் போட்டு வளர்ந்த நமக்கு அதைக் கேட்டா முதல்ல லேட்டா வர்ற மாதிரியே இருக்கும். லேட் இல்ல, அவ்வளவு தூரம்னு தெரிஞ்சே நிக்கறார், ஒவ்வொரு பாருலயும் அதே தூரம். இப்பவும் எனக்கு அது வராது.

எதிர்க்கட்சியையும் சொல்லணும்ல. இங்கிலாந்து ராக் கோஷ்டி த ஹூவோட பேஸிஸ்ட் ஜான் என்ட்விசில் 60கள்ல இந்த மங்கல் சத்தம் பிடிக்காம பியானோ மாதிரி கேக்கணும்னு அடம் பிடிச்சு, ரோட்டோசவுண்டோட சேர்ந்து உட்கார்ந்து ரவுண்ட்வவுண்டை ஒரு வழிக்குக் கொண்டு வந்தார், ஸ்விங் பேஸ் 66ன்னு பேர்லயே அந்த வருஷம் இருக்கு. அதே ஸ்ட்ரிங்கைத்தான் ஜாஸ்ல பேர் வாங்கின பேஸிஸ்ட் ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் 1962 ஃபெண்டர் ஜாஸ் பேஸ்ல போட்டார், ஃப்ரெட்டை எல்லாம் பிடுங்கிட்டு, ரவுண்ட் மரத்தை ராவிடக் கூடாதுன்னு படகுக்கு அடிக்கற எபாக்ஸியை ஃபிங்கர்போர்டு மேல பூசி வச்சார். 1976ல அவர் முதல் ஆல்பம் வந்தப்புறம் பேஸ் வாசிக்கற பசங்க உலகமே அந்தப் பக்கம் சாஞ்சுடுச்சு, ஜாக்கோவோட ஹார்மானிக்ஸ், அதாவது ஸ்ட்ரிங்கை அமுக்காம லேசா தொட்டு எடுக்கற மணி மாதிரி மேல் ஸ்வரம் எல்லாம் இந்த ஃப்ளாட்ல முயற்சி பண்ணாதீங்க, கேக்கவே கேக்காது. ஜாக்கோ எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனா அவரைக் கேட்டா எனக்கு பேஸைக் கீழ வச்சிடலாமான்னு தோணும். ஜேமர்சனைக் கேட்டா எடுக்கணும்னு தோணும். ரெண்டும் மேதைங்கதான், பிராக்டிஸுக்கு உதவறது ரெண்டாவது ஆள்தான்.

நம்ம ஆளுங்களைச் சொல்லாம முடிச்சா என்னை அடிப்பீங்க. இளையராஜா பாட்டுல பேஸை ரூட் நோட் பிடிக்கற வேலைக்கு வைக்கல, அது ஒரு ரெண்டாவது மெட்டு, அவரே ஸ்டாஃப் நொட்டேஷன்ல எழுதிக் குடுக்கறது. அதைப் பல வருஷமா வாசிச்சவர் சசிதரன், சசி அண்ணான்னு பேஸ் பசங்க எல்லாருக்கும் தெரியும், வெளியில பாதிப் பேருக்குத் தெரியாது, ஜேமர்சன் கதைதான் இங்கயும். மூடுபனியில என் இனிய பொன் நிலாவே, 1980. ஹெட்போன் போட்டுட்டு ஜேசுதாஸ் குரலை விட்டுட்டு கீழ மட்டும் கேளுங்க, பேஸ் தனியா ஒரு பாட்டு பாடிட்டிருக்கும். எந்த ஸ்ட்ரிங் போட்டு அதை ரெக்கார்ட் பண்ணாங்களோ, ஆனா இந்த செட்ல டோனைப் பாதியா குறைச்சுட்டு அந்தப் பாட்டை வாசிச்சா எங்க கோஷ்டி கீபோர்டு அண்ணன் திரும்பிப் பாத்தார், "டேய், ரெக்கார்டை எங்கடா போட்ட"ன்னு. அவர் யாரையும் பாராட்டற ஆள் இல்ல. ரஹ்மான் பாட்டுல கீத் பீட்டர்ஸ் வாசிச்சது வேற உலகம், அதுக்கு இந்த செட் சரிப்படாது, அது சத்தம் நீண்டு நிக்கணும்.

குறைன்னு சொன்னா மூணு நாலு இருக்கு. விலை, ஒரு சாதாரண ரவுண்ட் செட்டுக்குக் குடுக்கறதைவிட ரொம்ப ஜாஸ்தி, ஆனா வருஷக்கணக்கா வரும், அறுந்தாத்தான் மாத்தணும், அதனால கணக்கு போட்டா லாபம்தான். கை வலிக்கும், முக்கியமா சுண்டு விரல், முதல் கொஞ்ச நாள். வளைச்சு வாசிக்கறதெல்லாம் மறந்துடுங்க. அப்புறம் ஒண்ணு, ரீல்ஸ் போடற பசங்களுக்கு: போன் ஸ்பீக்கர்ல லோ ஈ ஸ்ட்ரிங்கோட நிஜ ஸ்வரம், அதாவது 41 ஹெர்ட்ஸ், வரவே வராது, நாம கேக்கறது அதோட சேர்ந்து வர்ற மேல் ஸ்வரங்களான ஹார்மானிக்ஸை வச்சுத்தான். ஃப்ளாட்ல அந்த ஹார்மானிக்ஸே கம்மி, அதனால போன்ல பாத்தா நீங்க சும்மா கையை ஆட்டற மாதிரி இருக்கும். லேசா ஓவர்டிரைவ் கலந்தா கொஞ்சம் கேக்கும். கல்யாண மண்டபக் கச்சேரியில நிலைமை தலைகீழ், அங்க எப்பவும் எதிரொலிதான் பிரச்சனை, ரவுண்ட் எல்லாம் கொழகொழன்னு ஆயிடும், இது மட்டும் ஒவ்வொரு நோட்டும் தனித்தனியா தெரியும். மிக்சர்ல உட்கார்ந்திருக்கற அண்ணன் பேஸ் ஃபேடரைத் தொடாம விட்டதே எனக்குப் பெரிய விஷயம்.

நான் ஆர்டர் பண்ண ஆன்லைன் கடை பேர் வேண்டாம், ஸ்டாக் இருக்குன்னு போட்டுட்டு காசு வாங்கினப்புறம் இல்லைன்னாங்க, போன் பண்ணி சண்டை போட்டுத்தான் வந்துச்சு. அதனால எங்க வாங்கினாலும் முதல்ல போன்ல கேட்டுட்டு காசு போடுங்க. ரெண்டு பேஸ் வச்சிருக்கறவங்க கண்ணை மூடிட்டு ஒண்ணுல இதைப் போடலாம், ஒண்ணே ஒண்ணுதான் இருக்குன்னா உங்க கோஷ்டி என்ன பாட்டு வாசிக்குதுன்னு யோசிங்க, பழைய பாட்டு, சர்ச், ரெக்கே, சோல் இதெல்லாம்னா போடுங்க, புதுப் பட டப்பாங்குத்து பாதி இருக்குன்னா யோசிங்க. ஷார்ட் ஸ்கேல், அதாவது நீளம் குறைஞ்ச பேஸுக்கு இந்த செட் சரியா வராது, அதுக்குத் தனி நீளத்துல கிடைக்குது. ஜேமர்சன் மாதிரியே வேணும்னு நேரா 52-110 சைஸுக்குப் போகாதீங்க, நெக் மேல்முனையில ஸ்ட்ரிங் உட்கார்ற நட் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டி வரும், கையும் தாங்காது. இந்த 45-105லயே ஆரம்பிங்க. பிடிக்கலைன்னா கழட்டி சுருட்டி வச்சு பாதி விலைக்கு வித்துடலாம், பழைய ஃப்ளாட்டுக்கு எங்க கோஷ்டி பசங்களே க்யூவுல நிக்கறாங்க.